பின்கோடு, டிஜிபின், பிளஸ் கோடு, மூன்று சொல்: இடம் சொல்லும் முறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தனை முறைகள் எதற்கு? எல்லோருக்கும் ஒன்று போதாதா?

போதாது. "எங்கே?" என்ற கேள்வியை எல்லோரும் ஒரே காரணத்துக்காகக் கேட்பதில்லை. தபால் பிரிப்பவருக்கு எந்த அஞ்சலகத்துப் பையில் கடிதத்தைப் போடுவது என்று தெரிந்தால் போதும். டெலிவரிக்கு வருபவருக்கு எந்த கேட், எத்தனையாவது மாடி என்று தெரிய வேண்டும். சார்பதிவாளருக்கு நிலத்தின் எல்லை வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கோ எந்தப் பக்கமாக வண்டி நுழையும் என்பதுதான் முக்கியம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் புதிய கோடுகள், அதாவது குறியீடுகள், எல்லாம் பூமியில் ஒரு புள்ளியைக் காட்டுபவை. முகவரி வேறு சங்கதி. அதில் வாசல் இருக்கிறது, ஆள் இருக்கிறார், அந்தப் பெயரை ஒப்புக்கொண்ட ஊர் இருக்கிறது. கோடு வந்துவிட்டது, இனி முகவரி வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பின்கோடு ஏற்கெனவே இருக்கிறதே, அதில் என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை. அது செய்ய வந்த வேலையை நன்றாகத்தான் செய்கிறது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த இந்த ஆறு இலக்க எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள், முகவரி எழுதப் பல மொழிகள், பல எழுத்துகள். எந்த எழுத்தில் முகவரி இருந்தாலும் எண்ணைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்பதுதான் திட்டம். முதல் இலக்கம் மண்டலம்: 6 என்றால் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, லட்சத்தீவு. 9 ராணுவத் தபாலுக்கு. கடைசி மூன்று இலக்கங்கள் தபாலை வீட்டுக்குக் கொண்டுவரும் அஞ்சலகத்தைக் குறிக்கும்.

ஆக, பின்கோடு காட்டுவது உங்கள் வீட்டை அல்ல, உங்கள் தபால்காரர் கிளம்பும் அலுவலகத்தை. கிராமப்புறத்தில் ஒரே எண்ணின்கீழ் பல ஊர்கள் வரும். எண்கள் அடுத்தடுத்து இருந்தால் இடங்களும் அடுத்தடுத்து இருக்கும் என்று நினைக்கவும் கூடாது. சென்னையில் 600017 தி.நகர், 600018 பக்கத்திலேயே தேனாம்பேட்டை. சரி, 600019? நகரின் வடகோடியில் திருவொற்றியூர். 600020 திரும்பவும் தெற்கே வந்து அடையாறு. இரண்டு பின்கோடுகளைக் கழித்துப் பார்த்துத் தூரம் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள்கூட உண்டு. அவை தரும் விடையை நம்ப வேண்டாம்.

அப்போ டிஜிபின் என்பது பின்கோடின் புதிய வடிவமா?

இல்லை. பெயர் ஒத்துப்போவதால் வரும் குழப்பம் இது. டிஜிபினை அஞ்சல் துறை, ஐதராபாத் ஐஐடி, இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் மூன்றும் சேர்ந்து உருவாக்கின. 2025 மே மாதம் வெளியானது. பின்கோடு தொடரும், முகவரியும் தொடரும். அவற்றோடு சேர்த்து எழுத ஒரு பத்து எழுத்துக் கோடு, அவ்வளவுதான்.

அந்தப் பத்து எழுத்து எப்படி வருகிறது?

இந்தியாவையும் அதன் கடற்பரப்பையும் உள்ளடக்கி ஒரு பெரிய சதுரம் வரைகிறார்கள்: அட்சரேகை 2.5 முதல் 38.5 வரை, தீர்க்கரேகை 63.5 முதல் 99.5 வரை. பக்கத்துக்கு 36 பாகை. அதை நாலுக்கு நாலாக 16 கட்டமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து அல்லது எண். அந்தக் கட்டத்துக்குள் மறுபடி நாலுக்கு நாலு. இப்படிப் பத்து முறை செய்தால் கடைசியில் மிஞ்சுவது பக்கத்துக்கு 3.8 மீட்டர் உள்ள ஒரு கட்டம், கிட்டத்தட்ட ஒரு சின்ன அறை அளவு.

கணக்கு திறந்த கணக்கு. நிரல் பொதுவில் இருக்கிறது. பட்டியல் எதுவும் தேவையில்லை என்பதால் இணையம் இல்லாமலும் போன் கணக்கிட்டுவிடும். எனக்கு இதில் பிடித்ததே இதுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையான விஷயங்கள் தெரியவரும். சென்னை மையப்பகுதியின் கோடு 4டி3 (4T3) என்று தொடங்கும், மதுரைக்கு எம்9. தமிழ்நாட்டின் குறுக்கே 11.5 பாகையில் முதல் அடுக்குக் கட்டங்களின் எல்லை ஓடுகிறது. அதனால் சேலம் 4-இல் தொடங்க, பக்கத்து ஈரோடு எம்-இல் தொடங்குகிறது. கடலூர் 4, சிதம்பரம் எம். முதல் எழுத்தே வேறாக இருக்கிறதே, வேறு மாநிலமோ என்று நினைத்தால் போச்சு. இதற்கு நேர்மாறாக, நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் இரண்டுமே எம்8 கட்டத்துக்குள் விழுகின்றன. யாழ்ப்பாணத்தில் இந்தக் கோடுக்கு எந்த அதிகாரமும் கிடையாது, ஆனால் கணிதத்துக்குப் பாக் நீரிணை தெரியாதே.

ஒரே தொடக்கம் இருந்தால் இரண்டு இடமும் ஒரே கட்டத்துக்குள் என்பது உறுதி. தொடக்கம் வேறாக இருந்தால் தூரம் என்று முடிவுகட்ட முடியாது. டிஜிபின் மட்டுமல்ல, கட்டத்துக்குள் கட்டம் போடும் எல்லா முறைகளுக்கும் இது பொருந்தும்.

என் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்து மாறுகிறது. எது சரி?

எல்லாமே ஓரளவு சரி. திறந்த வெளியில், மேலே வானம் தெரியும் இடத்தில், நல்ல போனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் வரை பிசகும். வீட்டுக்குள், கான்கிரீட் தளத்துக்கு அடியில், இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே என்றால் பிசகு இன்னும் எவ்வளவோ கூடும். கட்டமோ 3.8 மீட்டர். கருவியின் பிழை கட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும்போது கடைசி எழுத்து ஆடத்தான் செய்யும். "3 மீட்டர் துல்லியம்" என்ற விளம்பரத்தைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள். துல்லியம் கட்டத்துக்கு இருக்கலாம், உங்கள் கையில் இருக்கும் போனுக்கு இல்லை.

செய்ய வேண்டியது எளிது. போன் சொல்லும் இடத்தை அப்படியே எடுக்காதீர்கள். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வாசலைப் பெரிதாக்கிப் பார்த்து, கேட் இருக்கும் இடத்தில் விரலால் புள்ளி வைத்து, அதன் கோடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் நடுவில் வைக்க வேண்டாம். பின்பக்கத் தெரு கிட்டத்தில் இருந்தால் மேப் ஆளை அந்தத் தெருவுக்கே கூட்டிக்கொண்டு போய்விடும்.

பிளஸ் கோடு என்கிறார்களே, கூகுள் மேப்பில் வருவது, அது இதேதானா?

அதே குடும்பம், மூத்த அண்ணன். 2014-இல் கூகுளின் சூரிக் அலுவலகத்துப் பொறியாளர்கள் வெளியிட்டார்கள், அடுத்த ஆண்டே கூகுள் மேப்பில் வந்தது. இதுவும் திறந்த மூலம்தான், யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். டிஜிபின் இந்தியாவோடு நிற்க, பிளஸ் கோடு உலகம் முழுவதற்கும்.

இருபது எண், எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. தற்செயலாக ஏதாவது கெட்ட வார்த்தை அமைந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. பத்து எழுத்து எழுதினால் சுமார் 14 மீட்டர் கட்டம், பதினொன்று எழுதினால் 3 மீட்டர் அளவுக்கு. என்னைக் கேட்டால் 14 மீட்டர்தான் நேர்மையான அளவு. மேலே சொன்ன ஜிபிஎஸ் பிசகைத் தாங்கும் அகலம் அதற்கு இருக்கிறது.

இதில் ஒரு சௌகரியம், முதல் நான்கு எழுத்துகளை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லலாம். மேப்பில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் குறுகிய வடிவம்தான். ஆனால் ஊர்ப் பெயர் சேரும்போது ஊர்ப் பெயரின் தொல்லையும் கூடவே வரும். தமிழ்நாட்டில் புதூர் எத்தனை என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா? உங்கள் ஊர் புதூர், நல்லூர், பாளையம் என்று முடியும் பெயரானால் முழுக் கோடையே எழுதுங்கள்.

இன்னொன்று: 13 பாகை அட்சரேகை சென்னைக்குள்ளேயே, அடையாறு, பெசன்ட் நகர் பக்கமாக ஓடுகிறது. அதற்கு வடக்கே தி.நகரின் முழுக் கோடு 7எம்52 என்று தொடங்கும், தெற்கே வேளச்சேரியில் 7எம்42. சென்னை என்றால் ஒரே முன்னொட்டுதான் என்று நினைத்து, குறுகிய கோடின் முன்னால் தாமாக 7எம்52 ஒட்டினால் வேளச்சேரிக்காரரின் பார்சல் நூறு கிலோமீட்டர் வடக்கே போகும்.

மூன்று சொல் முறை? மூன்று வார்த்தை சொன்னால் போதுமாமே?

வாட்3வேர்ட்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் முறை, 2013-இல் தொடங்கியது. உலகத்தைப் பக்கத்துக்கு 3 மீட்டர் உள்ள சதுரங்களாக வெட்டினால் சுமார் 57 லட்சம் கோடி சதுரங்கள் வரும். நாற்பதாயிரம் ஆங்கிலச் சொற்களை மூன்று மூன்றாகக் கோத்தால் 64 லட்சம் கோடி சேர்க்கைகள் கிடைக்கும். எல்லாச் சதுரத்துக்கும் பெயர் வைத்த பிறகும் மிச்சம் இருக்கிறது. கேட்டவுடன் "அட!" என்று சொல்ல வைக்கும் யோசனைதான். தெருப் பெயர்களே பெரிதாக இல்லாத, மேய்ச்சலுக்காக இடம் மாறும் குடும்பங்கள் நிறைந்த மங்கோலியாவின் அஞ்சல் துறை 2016-இல் இதை ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் பல அவசர சேவைகளும் இதைப் பயன்படுத்துகின்றன. தமிழ்ச் சொற்களிலும் கிடைக்கிறது.

எனக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, இது ஒரு நிறுவனத்தின் சொத்து. தனி ஆள் ஆப்பைப் பயன்படுத்தக் காசில்லை. ஆனால் சொல்லுக்கும் இடத்துக்கும் உள்ள கணக்கு அவர்கள் கையில். பொது முகவரி என்பது தெருப் பெயர்ப் பலகை மாதிரி யாரையும் கேட்காமல் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் நினைப்பு.

இரண்டாவது, பக்கத்துச் சதுரத்துக்கும் இந்தச் சதுரத்துக்கும் சொல்லில் எந்த உறவும் கிடையாது. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். தவறாகச் சொன்னால் இடம் எங்கோ தூர தேசத்தில் விழும், தவறு உடனே தெரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் ஒன்றுபோல ஒலிக்கும் சேர்க்கைகள் ஒரே நகரத்துக்குள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டு காட்டினார்கள். 2021-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மலை மீட்புக் குழுக்களின் கூட்டமைப்பு, தங்களுக்கு வந்த தவறான மூன்று சொல் இடங்கள் 45-ஐப் பட்டியல் போட்டது. மலையில் வழி தவறியவர் சொன்ன சொற்கள் வியட்நாமையும் ரஷ்யாவையும் காட்டின.

மூன்றாவது நம்முடையது. ஆங்கிலத்திலேயே ஒருமை பன்மையில் ஒரு எழுத்து விட்டுப்போய் இடம் மாறுகிறது. தமிழில் போனில் ஒருவர் "வலி" என்றாரா "வழி" என்றாரா, "பனி"யா "பணி"யா, "அரை"யா "அறை"யா? பேச்சில் இந்த வேறுபாட்டைக் காப்பவர்கள் எத்தனை பேர்? அதோடு தமிழ்ச் சொற்கள் ஆங்கிலச் சொற்களின் மொழிபெயர்ப்பும் அல்ல. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பங்கீடு. நீங்கள் தமிழில் குறித்து வைத்ததை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் வேறு எங்கோ போய் நிற்பீர்கள்.

இதெல்லாம் எதற்கு, நேராக அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்தால் என்ன?

கொடுக்கலாம். எல்லாக் கோடுகளும் அடியில் இதைத்தான் சுருட்டி வைத்திருக்கின்றன. தசமத்தில் எழுதினால் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சுமார் 11 மீட்டர், ஐந்து இலக்கம் சுமார் ஒரு மீட்டர். அதற்கு மேல் எழுதுவது கட்டடப் பொறியாளருக்கு வேண்டுமானால் பயன்படும்.

மனிதர்கள் கையாளும்போது இரண்டு பொறிகள். ஒன்று வரிசை. மேப்பில் அட்சரேகை முதலில். பல கணினிக் கோப்பு வடிவங்களில் தீர்க்கரேகை முதலில். சென்னையின் 13.08, 80.27 என்பதைத் திருப்பிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் இருப்பீர்கள். இன்னொன்று பாகை, நிமிடக் கணக்கு. 13 பாகை 5 நிமிடம் என்பதை 13.05 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும். உண்மையில் அது 13.083. இந்தச் சின்னப் பிழையால் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். ஆர்க்டிக் என்றால் உடனே கண்ணில் படும். மூன்றரைக் கிலோமீட்டர் யார் கண்ணிலும் படாது, அதனால் இதுதான் ஆபத்தானது.

பழைய சர்வே வரைபடத்திலிருந்து எடுத்த எண்களை ஜிபிஎஸ்ஸில் போட்டாலும் இடம் சில நூறு மீட்டர் வரை நகரலாம். ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிப்படைத் தூரம் ஒன்றை அளந்து தொடங்கி வைத்த நில அளவை வளர்ந்து, பூமியின் வடிவத்துக்கு அவருக்குப் பின் வந்த அளவையாளர் எவரெஸ்ட் பெயரிலான ஒரு கணக்கை எடுத்துக்கொண்டது. ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது வேறு கணக்கு. இரண்டும் சரிதான், ஆனால் ஒன்றல்ல.

வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிட்டால் முடிந்ததே?

வருகிறவர் கையில் ஸ்மார்ட்போன், டேட்டா, சார்ஜ் மூன்றும் இருந்தால் முடிந்தது. காகிதத்தில் எழுதவோ, பட்டன் போனில் சொல்லவோ, அட்டைப் பெட்டிமேல் ஒட்டவோ வேண்டியிருக்கும்போதுதான் கோடு தேவைப்படுகிறது. அனுப்பும்போது "இப்போது நான் இருக்கும் இடம்" வேறு, "வீடு" வேறு என்பதையும் பார்த்து அனுப்புங்கள்.

அடுக்குமாடியில் பன்னிரண்டாவது மாடி. எந்தக் கோடு அதைச் சொல்லும்?

எதுவும் சொல்லாது. டிஜிபின், பிளஸ் கோடு, மூன்று சொல், மூன்றுமே தரையை மேலிருந்து பார்ப்பவை. ஒரே கோடில் தரைத்தளத்து மளிகைக் கடையும் பன்னிரண்டாவது மாடி வீடும் சேர்ந்து இருக்கும். பிளாக், மாடி, கதவு எண்ணைக் கூடவே எழுதித்தான் ஆக வேண்டும்.

இதைச் சுத்தமாகச் செய்திருப்பது சிங்கப்பூர். 1995-இல் வந்த ஆறு இலக்க அஞ்சல் எண் அங்கே பகுதிக்கு அல்ல, கட்டடத்துக்கு. வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதன்பின் மாடி எண், ஒரு சிறு கிடைக்கோடு, வீட்டு எண்: #08-123 என்றால் எட்டாவது மாடி, 123-ஆம் வீடு. அஞ்சல் எண்ணும் இதுவும் இருந்தால் வீட்டுக் கதவுவரை வந்துவிடலாம். நம் பின்கோடிலும் ஆறு இலக்கம்தான். சிங்கப்பூர் சின்ன நாடு, ஒரே நிர்வாகம், புதுக் கட்டடம் எழும்பியதும் எண் கொடுக்க ஆள் இருக்கிறது. வேறுபாடு அங்கேதான், எண்ணில் இல்லை.

வேறு நாடுகளில் எப்படி?

அயர்லாந்தின் கதை எனக்குப் பிடித்தது. டப்ளின் பகுதி எண்களைத் தவிர நாடு முழுவதற்கும் அஞ்சல் எண் இல்லாமலே 2015 வரை ஓட்டினார்கள். கிராமங்களில் வீட்டுக்கு எண்ணோ தெருப் பெயரோ கிடையாது, ஒரே முகவரி பல வீடுகளுக்கு. தபால்காரர் குடும்பங்களை அறிந்தவர் என்பதால் எல்லாம் நடந்தது. 2015 ஜூலையில் ஏர்கோடு வந்தது: ஏழு எழுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும், ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனி. அதாவது நம் அடுக்குமாடிக்காரர் கேட்ட கேள்விக்கு அங்கே விடை உண்டு. பக்கத்து வீட்டின் கோடுக்கும் உங்கள் கோடுக்கும் வரிசைத் தொடர்பு இருக்காது. நடுவில் புது வீடு வந்தாலும் எண்ணுக்குத் திண்டாட வேண்டாம் என்பது ஒரு லாபம். ஆனால் கோடைப் பார்த்து இடத்தைக் கணக்கிட முடியாது. தரவுத்தளத்தில்தான் தேட வேண்டும், நிறுவனங்கள் அதற்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். டிஜிபினில் கணக்கு உண்டு, பதிவேடு இல்லை. ஏர்கோடில் பதிவேடு உண்டு, கணக்கு இல்லை.

ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. நகரம், பேட்டை, அதற்குள் வட்டாரம், அதற்குள் மனைத்தொகுதி, கடைசியில் கட்டடம் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கும். பழைய முறையில் மனை பதிவான வரிசைப்படி எண் என்பதால் 3-க்குப் பக்கத்தில் 17 நிற்கும். 1962-இல் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்கள், இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை. தெருமுனைக் காவல் நிலையத்தில் வழி கேட்பது அங்கே அன்றாட வழக்கம்.

கானாவில் 2017 முதல் 5 மீட்டர் கட்டக் கோடு தேசிய முகவரியாகவே இருக்கிறது. நிகரகுவாவின் மனாகுவாவிலோ 1972 நிலநடுக்கத்தில் விழுந்துபோன கட்டடங்களை வைத்து இன்றும் "முன்பு இன்னது இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கமாக இத்தனை தெரு" என்று முகவரி சொல்கிறார்கள். ஏரிப் பக்கம் என்றால் வடக்கு.

நம் ஊர் முகவரி மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

மனாகுவாவைப் பார்த்துச் சிரிக்க நமக்குத் தகுதியில்லை. ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலமாயிற்று, மேம்பாலத்துக்கு அண்ணா பெயரும் வைத்தாயிற்று, ஆட்டோக்காரரிடம் "ஜெமினி" என்றால்தான் தலையாட்டுவார். சென்னை வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. மறு எண்ணிடல் நடந்தபோது தபால், மின்சாரம், ரேஷன் கார்டு எல்லாம் ஒரே நாளில் மாறவில்லை. அதனால் 12/27 என்று எழுதி, எது பழையது எது புதியது என்று வருகிறவர் பாட்டுக்கு யூகிக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். சாய்கோடு போடாமல் "பழைய எண் 12, புதிய எண் 27" என்று முழுதாக எழுதினாலே பாதித் தொல்லை தீரும்.

லேண்ட்மார்க்கைக் குறை சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். "பிள்ளையார் கோயில் எதிர்ச் சந்து, நீல கேட்" என்பதில் திசை இருக்கிறது, அடையாளம் இருக்கிறது, கேட்டு விசாரிக்க ஊரார் இருக்கிறார்கள். எந்தக் கட்டக் கோடும் இதைத் தராது. அடையாளத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். கோயில், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் நிற்கும். செல்போன் கடை ஆறு மாதத்தில் பிரியாணிக் கடையாகிவிடும்.

நிலப் பத்திரத்தில் டிஜிபின் போட்டால் செல்லுமா?

கூடுதல் தகவலாக இருக்கலாம், நிலத்தின் அடையாளமாக ஆகாது. நிலத்துக்கு வேண்டியது புள்ளி அல்ல, எல்லை. நம் பத்திரங்களில் சர்வே எண், உட்பிரிவு, கூடவே சக்குபந்தி: இன்னாருடைய நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நான்கு பக்கமும். சோழர் செப்பேடுகளிலும் இதே கட்டமைப்புதான். ஆனைமங்கலம் ஊரை நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்குக் கொடுத்தபோது பெண்யானையை நடத்தி எல்லை சுற்றி, ஒவ்வொரு திசை எல்லையையும் எழுதி வைத்தார்கள். இப்போது மத்திய அரசு நிலத்துண்டுகளுக்கு 14 இலக்கத் தனி அடையாள எண்ணைக் கொடுத்து வருகிறது. அது நிலத்துக்கான எண். டிஜிபினோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் கோடு மற்றவருக்குத் தெரிந்தால் ஆபத்தா?

கோடு மட்டும் தெரிந்தால் ஒன்றுமில்லை. அது ஒரு கட்டம், அதில் உங்கள் பெயர் இல்லை. பெயர், போன் எண், கோடு மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது அது வீட்டுச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்வதற்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. தனியாக இருப்பவர்கள் பொதுப் பதிவுகளில் முழுக் கோடு போட வேண்டாம். டிஜிபினில் கடைசி மூன்று எழுத்தை வெட்டிவிட்டால் கால் கிலோமீட்டர் அகலக் கட்டமாகிவிடும், ஏரியா சொல்ல அது போதும். மூன்று சொல் முறையில் இப்படிப் பாதி சொல்ல வழியில்லை.

108-க்கு அழைக்கும்போது எதைச் சொல்வது?

கோடில் தொடங்காதீர்கள். மாவட்டம், தாலுகா, ஊர், பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். எதிர்முனையில் இருப்பவர் கேட்டால் கோடோ லொகேஷனோ கொடுக்கலாம். பதற்றத்தில் பத்து எழுத்தைத் தப்பில்லாமல் வாசிப்பது கடினம். டிஜிபின், பிளஸ் கோடு இரண்டிலும் தவறைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எழுத்தும் இல்லை. கடைசி எழுத்து தப்பினால் சில மீட்டர், முதல் எழுத்து தப்பினால் வேறு மாநிலம்.

நெடுஞ்சாலையில் என்றால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. "இன்ன ஊருக்கு 14 கிலோமீட்டர் கல், விழுப்புரம் நோக்கிப் போகும் பக்கம்" என்று எந்தப் பக்கச் சாலை என்பதையும் சொல்லுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் பக்கம் தப்பினால் வண்டி எங்கோ போய்த் திரும்பி வர வேண்டும். எந்த 3 மீட்டர் கட்டமும் அந்தத் தகவலைத் தருவதில்லை. ரயில் பாதை ஓரமானால் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணே ரயில்வேக்காரர்களுக்கு முகவரி.

சின்ன டெலிவரி ஆப் எழுதுகிறேன். எதைச் சேமிக்க?

தசம அட்சரேகை, தீர்க்கரேகை, ஆறு இலக்கம் வரை. கோடுகளை எப்போது வேண்டுமானாலும் அதிலிருந்து உண்டாக்கிக்கொள்ளலாம். கதவு எண், மாடி, லேண்ட்மார்க் தனித்தனிப் பெட்டியில். லேண்ட்மார்க் பெட்டியைக் கட்டாயம் வையுங்கள், தமிழில் எழுத விடுங்கள். 0, 0 என்று வரும் இடங்களை ஏற்காதீர்கள். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாக் கடல். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று வேகமாகத் தேட ஜியோஹாஷ் என்ற கட்டக் கோடு போதும், 2008-இல் இருந்து புழக்கத்தில் உள்ளது. பகுதி பகுதியாகக் கட்டணம், கூட்டம் கணக்கிட ஊபர் 2018-இல் திறந்துவிட்ட எச்3 என்ற அறுகோணக் கட்ட முறை நன்றாக இருக்கும். அறுகோணம் என்பதால் ஆறு பக்கத்து அண்டைக் கட்டங்களும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும்.

கல்யாணப் பத்திரிகையில் எதைப் போடலாம்?

மண்டபத்தின் பெயர், தெரு, பேருந்து நிறுத்தம், பின்கோடு, எப்போதும்போல. ஓரத்தில் மேப்புக்குப் போகும் கியூஆர் படம் ஒன்று. அச்சுக்குக் கொடுக்கும் முன் அதை நீங்களே ஸ்கேன் செய்து, புள்ளி மண்டபத்து வாசலில் விழுகிறதா, பின்பக்கச் சமையல்கட்டுச் சந்தில் விழுகிறதா என்று பாருங்கள். டிஜிபினும் ஆசைக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பெரியப்பாவுக்கு எப்படியும் போன் செய்து வழி சொல்ல வேண்டியிருக்கும்.